கக்கின பிள்ளை தக்கும்... எப்போதுமா?

"கக்கின பிள்ளை தக்கும்" என்று ஒரு பழமொழி உண்டு. பால் குடித்ததும் கொஞ்சம் கக்கிவிடுகிற குழந்தை பிழைத்துக்கொள்ளும், நன்றாக வளரும், கவலைப்பட ஒன்றுமில்லை என்று பொருள். பிள்ளை பெற்ற வீடுகளில் பாட்டிமார்கள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை இது. முதல் குழந்தையைப் பெற்றவள் பதறிப்போய் நிற்பாள். பாட்டியோ தோளில் வழிந்த பாலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பழமொழி பெரும்பாலும் சரி! அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 948 குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்து 1997-ல் ஓர் ஆய்வு வெளியானது. தினம் ஒரு முறையாவது கக்குகிற குழந்தைகள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். மூன்று மாதம் வரையிலான குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர். நான்காம் மாதத்தில் 67 சதவீதம். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் வெறும் 5 சதவீதம். அதாவது நான்கு மாதக் குழந்தை கக்கவில்லை என்றால்தான் அது சிறுபான்மை!

ஏன் கக்குகிறது?

வாயிலிருந்து இரைப்பைக்குப் போகிற உணவுக்குழாயின் அடிமுனையில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிறு மாதிரி. உணவு இறங்கும்போது விரியும், இறங்கியதும் இறுகும். ஆனால் இடையிடையே காரணமில்லாமலும் சில நொடிகள் தளர்ந்துவிடும். இது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். அந்த நேரத்தில் இரைப்பையில் இருப்பது கொஞ்சம் மேலே ஏறும். இதைத்தான் எதுக்களிப்பது என்கிறோம்.

பெரியவர்களுக்கு அது நெஞ்சோடு நின்றுவிடும். குழந்தைக்கு வாய்வரை வந்துவிடுகிறது. உணவுக்குழாய் குட்டை, இரைப்பை சிறிது, சாப்பாடு முழுக்கத் திரவம், நாளில் பெரும்பகுதி படுத்த படுக்கை. போதாததற்குக் குடிக்கிற அளவைப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் குடித்தால் ஒரு நாளைக்கு 9 லிட்டர்! படுத்துக்கொண்டே 9 லிட்டர் பால் குடித்தால் யார்தான் கக்க மாட்டார்கள்?

குழந்தை உட்காரப் பழகி, திட உணவு சாப்பிட்டு, நடக்கத் தொடங்கும்போது இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கக்குவதும் நிற்கிறது.

ஆக, கக்குவது நோயல்ல. அதனால் உணவுக்குழாய் புண்ணாவது, எடை ஏறாமல் போவது, மூச்சுக்குச் சிரமம் வருவது போன்ற தொல்லைகள் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் அதை எதுக்களிப்பு நோய் என்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் துணியில் கிடக்கிற பாலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு தேக்கரண்டிப் பால் துணியில் பரவினால் அரை டம்ளர் மாதிரித் தெரியும். பார்க்க வேண்டியது தராசு. முதல் மூன்று மாதங்களில் குழந்தை தினம் 20 முதல் 30 கிராம் வரை எடை கூடவேண்டும். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தடுப்பூசிக்குப் போகும்போது அட்டையில் எடையைக் குறித்துத் தருகிறார்களே, அந்த எண்கள் மேலே போய்க்கொண்டிருந்தால், குழந்தை சிரித்து விளையாடினால், கக்குவது துணி துவைக்கிற பிரச்சினை மட்டுமே.

இனி பழமொழி பொய்த்துப்போன ஒரு வீட்டின் கதை.

திருச்சி பக்கம். இரண்டு மகள்களும் ஐந்து வார இடைவெளியில் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தார்கள். பெரியவளுக்கு இரண்டாவது பெண். சின்னவளுக்குத் தலைச்சன், ஆண். பெரியவளின் குழந்தை எந்நேரமும் கக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி. ஆனால் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. "கக்கின பிள்ளை தக்கும்டி" என்று அம்மா சொல்லச் சொல்ல அவளும் கவலையை விட்டுவிட்டாள்.

சின்னவளின் பையன் நான்காவது வாரத்தில் கக்க ஆரம்பித்தான். எல்லோருக்கும் அதே பதில்தான் தோன்றியது. அக்கா பிள்ளை கக்கவில்லையா, இவனும் கக்குகிறான். மூன்று நாளில் அது கக்குவதாக இல்லை, பீச்சியடித்தது. மடியில் இருந்த குழந்தையின் வாயிலிருந்து வந்த பால் எதிரே இருந்த கட்டில் காலில் போய் விழுந்தது. அடுத்த நிமிடமே பசியில் மறுபடி பாலுக்கு அலைந்தான். கொடுத்தால் மறுபடியும் அதே கதை. "வயிறு நிறையலை, அதான் அழுவுறான், இன்னொரு தரம் குடு" என்றார்கள். தொக்கம் எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வசம்பு உரசிக் கொடுத்தார்கள்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவள் பெரியவள். அதுவும் துணி காயப்போடும்போது! கொடியில் அவள் பிள்ளையின் ஈரத்துணிகள் வரிசையாகத் தொங்கின. தம்பிப் பயலின் இடுப்புத் துணி மூன்றே மூன்று. "ஏண்டி, இவன் மூத்திரமே போகலையா?" என்று கேட்டாள். சின்னவள் யோசித்துப் பார்த்து அழத் தொடங்கிவிட்டாள்.

மருத்துவமனையில் முதலில் தராசில் போட்டார்கள். பிறந்தபோது 3 கிலோ 100. இரண்டாவது வாரத்தில் 3 கிலோ 400. அன்றைக்கு 3 கிலோ 150. பால் கொடுக்கச் சொல்லி, குடிக்கும்போதே டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். சுண்டைக்காய் போல ஏதோ உருண்டது. ஸ்கேனில் உறுதியானது. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலில் உள்ள தசை தடித்துப்போய் வழியை அடைத்துவிட்டது. இது எதுக்களிப்பே அல்ல. கீழே வழியில்லாததால் பால் மேலே வருகிறது. பிறந்த மூன்று முதல் ஆறு வாரத்தில் தலைகாட்டும். பெண்ணைவிட ஆணுக்கு நான்கு மடங்கு அதிகம். அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்கு அதிகம்.

ஒரு நாள் முழுக்க உப்பு நீர் ஏற்றி உடம்பைச் சரிப்படுத்திவிட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். தடித்த தசையைக் கீறிவிடுகிற சிறிய அறுவை. ஜெர்மானிய மருத்துவர் கான்ராட் ராம்ஸ்டெட் 1912-ல் வெளியிட்ட முறைதான் இன்றுவரை அடிப்படை. மறுநாளே பால் குடித்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

அன்றைக்கு ராத்திரிதான் அம்மா அதைச் சொன்னார். மகள்கள் இருவருக்கும் மூத்தவனாக ஒருவன் பிறந்திருக்கிறான். ஒன்றரை மாதம் இருந்தான். "அவனும் இப்படித்தான் பீச்சியடிச்சான். பட்சி தோஷம்னு சொன்னாங்க. மந்திரிச்சோம். தக்கிடுவான்னுதான் நெனச்சோம்." அதற்குமேல் அவர் பேசவில்லை. மகள்களுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தது தெரியும், எப்படிப் போனான் என்பது தெரியாது. அவனுக்கு வந்ததும் இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பழமொழியின் சிக்கல் இங்கேதான். தக்கின பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. தக்காத பிள்ளைகள் அதில் இல்லை. கக்குவதும் பீச்சியடிப்பதும் ஒன்றல்ல என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் பழமொழி முழுமையாகியிருக்கும்.

அப்படியானால் எப்போது ஓட வேண்டும்? வாந்தி பச்சை நிறமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம், அது உயிர்போகிற விஷயம். வாந்தியில் ரத்தம், ஒவ்வொரு முறையும் பீச்சியடிப்பது, வயிறு உப்புசம், காய்ச்சல், உச்சிக்குழி புடைத்திருப்பது, குழந்தை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, பாலைக் கண்டாலே மறுப்பது, மூச்சுத் திணறுவது, எடை ஏறாதது... இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்கினாலும், ஒன்று, ஒன்றரை வயதுக்கு மேலும் நீடித்தாலும் காட்டிவிடுவது நல்லது.

இதெல்லாம் இல்லாத, சும்மா கக்குகிற பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

முதலில் பால் கொடுக்கிற முறை. ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல் அளவைக் குறைத்து, தடவையைக் கூட்டலாம். புட்டியில் கொடுப்பவர்கள் மிச்சம் வைக்கக் கூடாது என்று கடைசிச் சொட்டுவரை திணிக்கவே கூடாது. இடையிலும் முடிவிலும் தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். பிறகு இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். நிமிர்த்துவது என்றால் தோளோடு சாய்த்து வைப்பது. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தால் வயிறு மடங்கி, அழுத்தம் கூடி இன்னும் அதிகமாகத்தான் கக்கும். குடித்த உடனே தூளியில் சுருட்டிப் போடுவதும் ஏறக்குறைய இதே நிலைதான். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டாமல் இருப்பது, வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பது... இவையும் உதவும்.

அடுத்து, தாயின் சாப்பாடு. குழந்தை கக்கினால் நம் ஊரில் முதல் கேள்வி, "நீ என்னத்தைத் தின்ன?" என்பது. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்று கத்தரிக்காயில் தொடங்கி மாம்பழம் வரை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவார்கள். மிச்சம் பூண்டும் ரசமும்தான்! ஆனால் எதுக்களிப்புக்காகத் தாய் இத்தனையையும் விட வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பசும்பால். சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. மலத்தில் ரத்தம், தோலில் கரப்பான், தீராத அழுகை என்று இருந்தால், தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், நெய் போன்றவற்றை நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர் சொல்வார். மாற்றம் இல்லையென்றால் மறுபடி சாப்பிடலாம். வீணாகப் பட்டினி கிடக்க வேண்டாம். பாலைக் கெட்டியாக்கினால் கக்குவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஆறு மாதத்துக்குள் புட்டியில் அரிசி மாவோ கேழ்வரகு மாவோ கரைத்து ஊற்றக் கூடாது.

மூன்றாவது, தூங்க வைப்பது. இதில்தான் பாட்டிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பெரிய சண்டை. மல்லாக்கப் படுத்தால் கக்கியது தொண்டையில் அடைத்துவிடும், குப்புறப் போடு என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 1992-ல் குப்புறப் போட வேண்டாம் என்று சொல்லி, 1994-ல் நாடு தழுவிய பிரசாரமும் தொடங்கியது. அதன்பின் அங்கே தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென்று இறப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. அடைத்துக்கொள்ளாதா என்றால், மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கியது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். ஆகவே கக்குகிற பிள்ளைக்கும் மல்லாக்கத்தான், சமமான, அழுத்தமான படுக்கை, தலையணை வேண்டாம். கக்குவதைக் குறைக்கும் என்று நம்பிப் பெற்றோர் வாங்கிய சாய்வுப் படுக்கைகளின் கதி என்ன? குழந்தைகள் இறந்ததால் 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றது. 2022-ல் அந்த வகைப் படுக்கைகளை விற்பதையே அங்கே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

மருந்தே இல்லையா என்று கேட்கத் தோன்றும். மருந்துகளின் வரலாறு அவ்வளவு சந்தோஷமானதில்லை. நம் வீட்டு அலமாரிகளில் நிரந்தர இடம் பிடித்த கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. ஆதிக் கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு சாராயமும் இருந்தது. குழந்தை ஏன் சமாதானமாகத் தூங்கியது என்று இப்போது புரிகிறதா? இன்றைய புட்டிகளில் சாராயம் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருப்பதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

ஆங்கில மருந்துகள் மட்டும் ஒழுங்கா? ஒரு காலத்தில் கக்குகிற பிள்ளைகளுக்குத் தாராளமாக எழுதிக்கொடுத்த சிசாப்ரைடு, இதயத் துடிப்பைக் குலைத்ததால் அமெரிக்காவில் 2000-லும் இந்தியாவில் 2011-லும் நிறுத்தப்பட்டது. டோம்பெரிடோனை இதே காரணத்துக்காக ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் கட்டுப்படுத்தியது. ரானிடிடினில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருந்ததால் 2020-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னார்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் லான்சோபிரசோல் மருந்தை 2009-ல் 162 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி மருந்து. இரண்டு பக்கமும் சரியாக 54 சதவீதம் பேருக்கு அழுகை குறைந்தது! மருந்து குடித்த பக்கத்தில் நெஞ்சுச்சளித் தொற்று போன்ற கடுமையான தொல்லைகள்தான் கூடுதல். வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்கிற காவல்காரன் அல்லவா? 2018-ல் வந்த அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள், மற்றபடி நன்றாக இருக்கிற குழந்தைக்கு அழுகைக்காகவோ கக்குவதற்காகவோ இந்த மருந்துகள் வேண்டாம் என்கின்றன. உண்மையிலேயே உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கு அவை அவசியம். அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

வளர்ந்த பிள்ளைகளின் கதை வேறு. மூன்று வயதுக் குழந்தைக்கு "நெஞ்செரிச்சல்" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று தொப்புளைக் காட்டும். காலையில் வாய் புளிப்பு நாற்றம், படுத்தால் இருமல், பல் எனாமல் கரைவது, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மறுப்பது... இவை தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட வைத்து அப்படியே படுக்கப் போடும் பழக்கத்தை விட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கலாம். கோலா, சாக்லேட், எண்ணெயில் பொரித்த பாக்கெட் சமாச்சாரங்களைக் குறைக்கலாம். எடை அதிகமிருந்தால் ஓடி விளையாட விடலாம். அப்படியும் தீராவிட்டால் மருத்துவர் நான்கு முதல் எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கும், பிறவியிலேயே உணவுக்குழாயில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம். அவர்களுக்குத் தொடர்ந்த கவனிப்பு தேவை.

இத்தனைக்கும் நடுவில் மறந்துபோகிற ஒருத்தி இருக்கிறாள். பெற்றவள். குழந்தைகளின் அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறைவது இயற்கை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குப் பால் நாற்றமடிக்கும் நைட்டியோடு, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருப்பவளுக்கு இந்தப் புள்ளிவிவரம் எதுவும் ஆறுதல் தராது. அந்த அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்கிற வேலையை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் அவள் தூங்குவாள். பால் கொடுப்பதைத்தான் அவள் செய்தாக வேண்டும். தோளில் போட்டு நடக்க அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தோள் இருக்கிறது!

பி.கு.: குழந்தையின் எடை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.